பொன்னம்மாள் சட்டை போட்ட கதை

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொன்னம்மாள் சட்டை போடவில்லை.

ஐயோ, இப்படி எழுதினால் யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கும் உங்களுக்கு வேறு அர்த்தமாகிவிடும். அந்தச் சொல்லால் நான் பட்டபாடு போதாதென்று மறுபடியும் அதிலேயே காலை வைக்கிறேன் பாருங்கள். பொன்னம்மாள் ரவிக்கை போட்டிருந்தார். நாங்கள் சட்டை என்று சொல்வோமே, அது. இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் சட்டை என்றால் ஆண்பிள்ளைகள் போடுவது; பொத்தான் வைத்து, பை வைத்துத் தைத்தது. இந்த ஒரு சொல் கடல் தாண்டி இங்கே வந்து செய்த கூத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் உலை கொதிக்கிறது, கொதிக்கட்டும்.

நேற்று என் தங்கையின் கடிதம் வந்தது. சண்டைக்காலம் அல்லவா, தணிக்கைக்காரர் திறந்து பார்த்துத்தான் விட்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் கறுப்பு மையை அப்பியிருக்கிறார். ஒரு குளமும் நாலு தெருவும் உள்ள இந்த ஊரில் எதிரிக்கு என்ன ரகசியம் கிடைக்குமோ தெரியவில்லை. ஆனால் அடுத்த வரியை மட்டும் தொடவேயில்லை. அது இப்படி இருந்தது: "அக்கா, உங்கட ஊரில ஒரு பெம்பிளை ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போனவவாம். இங்கத்தைப் பேப்பரில போட்டிருக்கு. உண்மையோ? நீயும் போடுறனியோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. அந்தக் குளத்துக்காக அந்த மனுஷி எத்தனை மாதம் தொண்டை வறளப் பேசினார். அதில் ஒரு வார்த்தை இதே சீமையிலுள்ள வல்லத்திராக்கோட்டையைக்கூடத் தாண்டவில்லை. போடாத சட்டை மட்டும் கப்பலேறிப் போய்விட்டது.

2

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் பாஷையூர்ப் பெண், திரேசம்மா. என் வீட்டுக்காரர் ஆவூர்க்காரர். யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிக்கூட வாத்தியாராக வந்தார். வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னாலேயே தகப்பனாருக்குச் சுகமில்லை என்று ஊர் திரும்பினார். இப்போது ஆவூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவில் ஓர் ஊரில் வேலை. பெயரைச் சொல்லமாட்டேன். தணிக்கைக்காரருக்கு மை மிச்சம்.

அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ், என்ன பயம் என்றுதான் வந்தேன். வந்த முதல் வாரமே கடைக்காரர் "பருப்பு வேணுமாம்மா?" என்று கேட்க, நான் "ஓம்" என்றேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க வேதக்காரவுகதானே, மந்திரஞ் சொல்றீங்க?" என்றார். அன்றிலிருந்து ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிப் பழகிக்கொண்டேன்.

ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா என் சொந்த ஊரைக் கேட்டார். பாஷையூர் என்றேன். "அது எங்கிட்டு இருக்கு?" யாழ்ப்பாணம் என்றேன். "அதாவது கொழும்பு" என்று எழுதிக்கொண்டார். கொழும்பை நான் கண்ணால் பார்த்தது கிடையாது என்று எவ்வளவோ சொன்னேன். "சிலோன்னாலே கொழும்புதாம்மா, நமக்குள்ள என்ன" என்று முடித்துவிட்டார். இப்போது ஊர் முழுக்க நான் கொழும்பம்மா.

என் மகள் பிலோமி இந்த மண்ணிலேயே பிறந்தவள். நான் "கெதியா வா பிள்ளை" என்று கூப்பிட்டால், "வெரசா வான்னு சொல்லும்மா, அங்கிட்டு எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று வாசலில் நின்று பாடம் நடத்துகிறாள். பெற்றது நான், பேசுவது ஆவூர். முதலில் வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு அவளுடைய பாடம்தான் எனக்குக் கைகொடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு பெருமை மட்டும் எனக்கு உண்டு. இந்தத் தெருவில் வோட்டுப் போட்ட ஒரே பெண் நான். அங்கே எங்களுக்கு வோட்டு வந்த புதிதில் அம்மாவும் நானும் கூறைச்சேலை கட்டிக்கொண்டு போனோம். மறுநாள் பேப்பரில் என்ன வந்தது தெரியுமா? பெண்கள் என்ன நிறச் சேலையில் வந்தார்கள், யார் யார் தலையில் பூ வைத்திருந்தார்கள் என்று வந்தது. யாருக்குப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகையால் இங்குள்ள பத்திரிகைக்காரரைத் திட்டும்போது நம்முடையவரையும் சேர்த்தே திட்டுகிறேன். ஒன்றும் குறைவில்லை.

3

இனி பொன்னம்மாக்கா. எங்கள் அடுத்த வீடு. நெல் வியாபாரி கருப்பையாவின் மனைவி. எட்டாவதுவரை படித்தவர். கரையில் நின்று குரல் கொடுத்தால் நடுக்குளத்து எருமை திரும்பிப் பார்க்கும். சர்க்காரில் யாருக்கு என்ன தோன்றியதோ, எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு பெண்ணையும் மெம்பராக நியமிக்கலாம் என்றார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்து, ஆண்கள் நடுவில் வாய் திறக்கக் கூசாத பெண் யார் என்று பார்த்தால் அவர் ஒருவர்தான்.

அவர் கேட்டது ஒரே ஒரு சுவர்.

எங்கள் குளத்தில் பெண்கள் குளிக்கும் படித்துறை ரோட்டோரம். ஆண்கள் படித்துறை எதிர்க்கரையில், புளியமரங்களுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில். அந்தக் காலத்தில் ரோட்டில் மாட்டு வண்டிதான் போகும், அதுவும் உள்ளூர் வண்டி. பெண்கள் படித்துறை வந்தால் வண்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது வருவது கரி பஸ். பெட்ரோல் இல்லாததால் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். சரியாக எங்கள் படித்துறை முன்னால் வந்து நிற்கும். கிளீனர் குளத்தில் தண்ணீர் மொள்வார், கரி போடுவார், கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்று என்று சுற்றுவார். அதுவரை பஸ்ஸில் உள்ளவர்களுக்கு வேறு வேலையில்லை, பார்த்துக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் மார்போடு கட்டிய ஈரச் சேலையோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருப்போம். பஸ் கிளம்புவதற்குள் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிடும்.

நியமன உத்தரவு வந்த அன்று பொன்னம்மாக்கா படித்துறையில் வைத்தே எங்களிடம் சொன்னார்: "சித்திரைக்குள்ள இங்கன ஒரு சுவரு வரணும். வரலைன்னா அந்த நாக்காலி எனக்கு வேணாம். சும்மா சேலைய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டு வாறதுக்கு நா எதுக்கு?"

முதல் கூட்டத்தில் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவர் நல்ல மனுஷர்தான். ஆனால் வெற்றிலையை மெல்லாமல் பதில் சொல்லமாட்டார். மென்று முடித்துவிட்டு, "சண்டைக்காலம்மா, சிமிண்டு கெடைக்காது" என்றார்.

"நான் சிமிண்டா கேட்டேன்? மண்ணுச் சுவரு போதும் தலைவரே."

"அட, அவ்வளவு கூச்சமா இருந்தா விடியிறதுக்கு முன்னாடி குளிச்சுட்டுப் போங்க. எங்க ஆத்தா காலத்துல சுவரா இருந்துச்சு?"

எல்லா மெம்பர்களும் சிரித்தார்கள். நான் பஞ்சாயத்துச் சாவடிக்கு வெளியே ஜன்னலோரம் மற்றப் பெண்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 'விடியிறதுக்கு முன்னாடி' என்ற வார்த்தையை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

திருச்சியிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு எங்கள் ஊர் நிருபர் சுந்தரம். பஸ்ஸுக்கு டிக்கெட் எழுதுவதும் அவர்தான். அந்தப் பத்திரிகையில் 'நாகரிகப் பக்கம்' என்று ஒன்று உண்டு. பட்டணத்தில் என்ன கரை, எந்த மாதிரிக் கொண்டை, மூக்குத்தி இடமா வலமா என்பதெல்லாம் வரும். பொய் சொல்வானேன், நானும் அதை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். பொன்னம்மாக்கா பற்றிய செய்தியும் அந்தப் பக்கத்தில்தான் வந்தது. முதல் கூட்டத்துச் செய்தி இது: "மெம்பர் அம்மணி தாழம்பூ நிறச் சேலையில் தோன்றிச் சபையை அலங்கரித்தார். தலைவர் அவர்கள் ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்."

சிமிண்டு இல்லை என்று சொன்ன நேரம் போக, தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று சுந்தரத்திடம் கேட்டேன்.

"நான் எழுதித்தாங்க அனுப்புனேன். சுவத்தை எடுத்துட்டுச் சேலைய வச்சுக்கிட்டாக. பொம்பள மெம்பர் என்ன கட்டுனாகங்கிறதத்தான் சனங்க படிக்குதாம்."

"ஆம்பிளை மெம்பர் என்ன கட்டினார் என்று எழுதுங்களேன்?"

"அத யாருங்க படிப்பா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அடுத்த கூட்டத்தன்று பஸ் தாமதமாகிவிட்டது; சுந்தரத்தால் சாவடிக்கு வரமுடியவில்லை. கூட்டம் முடிந்து வந்த என்னை ரோட்டில் பிடித்துக்கொண்டார். "கொழும்பம்மா, அம்மணி எப்புடி வந்திருந்தாங்க? என்ன செஞ்சாங்க? சொல்லுங்க, பஸ்ஸு கெளம்பப் போகுது." அன்றைக்குப் பொன்னம்மாக்கா சுவருக்காகப் பேசிய பேச்சில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. சந்தோஷம் தலைக்கேறினால் எனக்கு ஆவூர்த் தமிழ் மறந்து பாஷையூர்த் தமிழ் வந்துவிடும். வந்தது. "நல்ல வடிவான சட்டை போட்டுக்கொண்டு வந்தவ. ஒரு மணித்தியாலம் நின்று கதைச்சவ. தலைவரும் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தவர்" என்றேன்.

அந்த ரவிக்கை நான் தைத்துக்கொடுத்தது. தோளில் சின்னச் சுருக்கு வைத்த கை. அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் பேப்பர் வந்தது. பெரிய எழுத்தில் தலைப்பு: 'பஞ்சாயத்தில் சட்டை போட்ட அம்மணி!' அதன் கீழே: "மெம்பர் அம்மணி ஆண்பிள்ளைபோல் சட்டை அணிந்து வந்து, ஒரு மணி நேரம் கதை விட்டார். தலைவர் அவர்கள் பெரும் பொறுமையுடன் கேட்டருளினார்."

5

வாசித்தேன், மறுபடி வாசித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. 'சட்டைதானே போட்டவ, இதில் என்ன இருக்கிறது' என்று விழித்துக்கொண்டிருந்தேன். பிலோமிதான் தோள்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, சட்டைன்னா அப்பா போடுறதும்மா. கதை விட்டாங்கன்னா பொய் சொன்னாங்கன்னு அர்த்தம். நீதானே சுந்தரம் மாமாகிட்டச் சொன்ன?" என்றாள். என் பிள்ளை எனக்குத் தமிழுக்குத் தமிழ் சொல்லித்தருகிறாள். கதைச்சவ என்று நான் சொன்னது பேசினார் என்றல்லவா! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அடி பாவி திரேசம்மா!

பதறியடித்துக்கொண்டு பொன்னம்மாக்கா வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஊர் அங்கே போய்விட்டது. கருப்பையா அண்ணன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "கமிஷன் கடையில மூட்டையக்கூடப் பிரிக்கலை, அதுக்குள்ள எம்மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறான். ஒம் பொண்டாட்டி எஞ் சட்டையப் போட்டாளா, ஒஞ் சட்டையப் போட்டாளான்னு கேக்குறான். போதும் தாயி. வாற கூட்டத்துல மெம்பரு வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு."

பொன்னம்மாக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன், அழுதும்விட்டேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "ஏந் தங்கச்சி, ஒங்க ஊர்ல ரவிக்கை சட்டைன்னா, சட்டைய என்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். அதற்கும் சட்டை என்றுதான் சொல்வோம் என்றதும், "வெளங்கிரும்" என்று இன்னும் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் முகம் வாடிவிட்டது. "அதில்ல தங்கச்சி. மறுபடி சுவத்தைப் பத்தி எந்திரிச்சேன்னா, கதை விடுறான்னுதான் சொல்லுவாங்க. வாற கூட்டம்தான் கடைசி. சித்திரை பொறந்துருச்சு. அதுலயும் முடியலைன்னா இவுக சொல்றமாதிரி எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன்" என்றார்.

சுந்தரத்திடம் போய் மறுப்புப் போடச் சொல்லிச் சண்டை பிடித்தேன். மனுஷருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், "மறுப்புப் போட்டாப் பத்திரிகைக்கு மரியாதை என்ன ஆகுறது? வேணும்னா, அம்மணி மறுபடி சேலைக்குத் திரும்பிட்டாங்கன்னு போடலாம்" என்றார். அந்த மரியாதையில் கரியைத்தான் அள்ளிப் போடவேண்டும்.

6

பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் கூட்டம் வந்ததே கிடையாது. அன்றைக்கு வந்தது பாருங்கள்! ஆண், பெண், பிள்ளைகுட்டி எல்லாம் சாவடி ஜன்னலில் தொங்கியது. சுக்குக்காப்பித் தூக்கோடு ஓர் ஆள் வந்துவிட்டார். வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட பொன்னம்மாக்காவின் நாத்தனார்கூட பஸ்ஸில் வந்து இறங்கி, "எங்க அண்ணி சட்டை போட்டிருக்காம்ல, எங்கிட்டு?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார். சுந்தரம் பென்சிலோடு முதல் வரிசையில்.

பொன்னம்மாக்கா வந்தார். பச்சைச் சேலை, நான் தைத்த அதே ரவிக்கை. கூட்டத்தில் ஒரு பெரிய 'ப்ச்' சத்தம் கேட்டது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகங்கள் தொங்கிப்போயின. கதவோரம் நின்ற இளவட்டம் ஒன்று, "சட்டை எங்க?" என்று கத்தியது.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"சட்டை பாக்கவா வந்தீங்க? எங்கிட்ட இல்லப்பா. அந்தா நம்ம தலைவரப் பாருங்க, அவருகிட்டயும் இல்ல."

எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. தலைவர் வழக்கம்போலத் திறந்த மேனியும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் உட்கார்கிறார். அன்றைக்குத்தான் ஊர் அதைப் பார்த்தது. அவர் துண்டை எடுத்து மெதுவாக மார்பை மூடிக்கொண்டார்.

"நான் போடாத சட்டை பேப்பர்ல வந்துருச்சு. அவரு சட்டையில்லாம வர்றது வரலை. சரி, அது போகட்டும். நான் சட்டை போட்டேனா இல்லையாங்கிறது வெவகாரமில்ல. நான் சொல்றத இங்கன யாரும் சட்டை பண்ணலை. அதான் வெவகாரம்!"

பெண்கள் பக்கம் கிளம்பிய சிரிப்பில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஒரு சொல்லை இந்த மனுஷி எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்!

தலைவர் மேசையைத் தட்டினார். "சுவத்துக்குச் சாமான் இல்லன்னு அன்னைக்கே சொல்லியாச்சு."

"சுவரு வேணாம் தலைவரே. விட்டுட்டேன். செலவே இல்லாத யோசனை ஒண்ணு வச்சிருக்கேன். இந்தப் படித்துறைய நீங்க எடுத்துக்கங்க. அந்தப் படித்துறைய எங்களுக்குக் குடுத்துருங்க. நாங்க அங்கிட்டு, புளியமரத்துக்குப் பின்னாடி குளிச்சுக்கிறோம். நீங்க இங்கிட்டு, ரோட்டோரம் குளிங்க. ஆம்பளைங்க தானே, பஸ்ஸு நின்னா என்ன?"

மெம்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வழிமொழிய யாராவது வேண்டுமே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நாற்காலியில் இருந்த கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார். "நான் வழிமொழியிறேன். எனக்கு வீட்டுல கெணறு இருக்கு" என்றார்.

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "என்னய்யா வெளையாடுறீங்க? பஸ்ஸு நெறையச் சனம் பாக்க, நான் கோமணத்தோட ரோட்டுல நிக்கிறதா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. வாய் திறந்தபடியே நின்றார். சுக்குக்காப்பிக்காரர்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டார்.

பொன்னம்மாக்கா குரலை உயர்த்தவேயில்லை. அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அவ்வளவு கூச்சமா இருந்தா, விடியிறதுக்கு முன்னாடி குளிச்சுட்டுப் போங்க தலைவரே."

அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆரவாரம். நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். சத்தம் அடங்கியபோது தலைவரும் சிரித்துக்கொண்டிருந்தார், அதையும் சொல்லவேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிம்மா, சரி. செம்மண்ணு நம்ம காட்டுல இருக்கு. நாளைக்கே வண்டியப் பூட்டுறேன்" என்றார். சுவர் ஒருமனதாக நிறைவேறியது. எத்தனையோ மாதம் பெண்களுக்குத் தேவைப்படாத சுவர், தலைவரின் கோமணத்துக்கு ஒரே நாளில் தேவைப்பட்டுவிட்டது. கருப்பையா அண்ணன் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, "எம் பொண்டாட்டிதான்யா" என்று யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

7

சுவர் வந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு மேலேயே இருக்கிறது. பஸ் இப்போதும் அதே இடத்தில் நின்று இருமுகிறது; நாங்கள் இந்தப் பக்கம் சாவகாசமாக மஞ்சள் தேய்த்துக்கொண்டு கதைக்கிறோம். ஆமாம், கதைக்கிறோம். இந்தச் சொல்லைப் படித்துறையில் எல்லாருக்கும் பழக்கிவிட்டேன். பிலோமிகூட, "அம்மா, இங்கிட்டு வந்து கதை" என்று கூப்பிடுகிறாள்.

கூட்டத்துச் செய்தி வந்த பேப்பரைச் சுந்தரம் தானே பொன்னம்மாக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்; அவர் அதைப் படித்துறைக்கு எடுத்துவந்தார். பொன்னம்மாக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எங்களுக்கெல்லாம் உரக்க வாசித்தார்: "பெண்டிர் மானம் காக்கத் தலைவர் அவர்கள் பெருந்தன்மையுடன் சுவர் எழுப்ப முன்வந்தார். மெம்பர் அம்மணி நீல நிறச் சேலையில் வந்திருந்தார்."

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. சுவரைத் தலைவருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று கத்தினேன். பொன்னம்மாக்கா கோபப்படவில்லை. பேப்பரை மடித்து, சோப்பு வைக்கப் படியில் விரித்தார். பக்கத்தில் உலர்ந்துகொண்டிருந்த, கூட்டத்துக்குக் கட்டியிருந்த அந்தப் பச்சைச் சேலையை எடுத்து உதறிக் காட்டினார்.

"நான் பேசுனதக் கேக்காம, இம்புட்டு நாளாச் சேலையத்தானே தங்கச்சி பாத்தாங்க? அதையாவது ஒழுங்காப் பாத்தாங்களா பாரு."